முதல்முறை வெளிநாட்டு க்ரூஸ் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் படிச்சுடுங்க!

'நான்கு இரவு, ஐந்து பகல்... சிங்கப்பூர் - பினாங்கு - புக்கெட் சொகுசுக் கப்பல். சாப்பாடு, ஷோ, நீச்சல் குளம் எல்லாம் உள்ளடக்கம்!'

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். 'அட, ஊட்டியில ரிசார்ட் போட்டாலே இவ்வளவு ஆகுதே!' என்று தோன்றும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு செய்வீர்கள். அத்தை 'சூப்பர்' என்பார். மாமா 'எப்ப கிளம்புறோம்?' என்பார். அடுத்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் கார்டை எடுத்துவிடுவார்.

அந்தக் கார்டைக் கொஞ்ச நேரம் பர்ஸிலேயே வையுங்கள்.

நம் ஊருக்கும் கப்பலுக்குமான உறவு புதிதல்ல. 'ரஜுலா', 'எம்.வி. சிதம்பரம்' என்ற பெயர்களைச் சொன்னால், வீட்டில் இருக்கும் எழுபது வயதுக்காரர்களின் முகம் மாறும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பு தேடிப் போனவர்கள் அந்தக் கப்பல்களில்தான் போனார்கள். இன்று அதே பினாங்குக்கு ஜாலியாகப் போய்வர, விமானத்தில் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறோம். காலம் மாறிவிட்டது. ஆனால் கப்பல் விஷயத்தில் ஒன்று மட்டும் மாறவில்லை. நேரம் தவறினாலும் காகிதம் தவறினாலும் கப்பல் காத்திருக்காது.

வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தில் முதல்முறை புக் செய்பவர்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார்கள், எப்படித் தவிர்க்கலாம் என்று வரிசையாகப் பார்ப்போம். பெரும்பாலானவர்கள் தொடங்குவது சிங்கப்பூரில்தான் என்பதால், அதையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் பயணத்துக்கு எந்த ரூட்?

மூன்று அல்லது நான்கு இரவுப் பயணம் போதும். கடல் ஒத்துக்கொள்ளுமா, கப்பல் வாழ்க்கை பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள அதுவே தாராளம். முதல் தடவையே ஏழு இரவு, பத்து இரவு என்று போய், இரண்டாவது நாளே 'எப்படா தரை வரும்' என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குறுகிய பயணங்கள் பெரும்பாலும் மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் என்று மலாக்கா நீரிணை வழியாகப் போகும். நீரிணையில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். புக்கெட் பக்கம் அந்தமான் கடல். அங்கே மே முதல் அக்டோபர் வரை பருவமழைக் காலம். அலை கூடுதலாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் நல்ல காலம்.

பெரிய கப்பல்களில் 'ஜென்டிங் ட்ரீம்' 2022-ல் 'ரிசார்ட்ஸ் வேர்ல்டு க்ரூஸஸ்' என்ற பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது. 'ராயல் கரீபியன்' தன் கப்பல்களை சீசனுக்கு ஏற்ப மாற்றி மாற்றி அனுப்பும். அதனால் நண்பர் போன கப்பலே உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரோடு கப்பலின் பெயரையும் கேளுங்கள். ஒரே நிறுவனத்திலும் கப்பலுக்குக் கப்பல் வசதி மாறும்.

நம் பள்ளி விடுமுறையோடு சிங்கப்பூர் பள்ளி விடுமுறையையும் பாருங்கள். ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள நாட்களும் அங்கே விடுமுறைக் காலம். விலையும் ஏறும், கப்பலும் நிரம்பி வழியும். சர்வதேச அளவில் ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் தள்ளுபடிகளை அள்ளிவிடும் காலம். திட்டமிட்டுப் போகிறவர்கள் அப்போது புக் செய்யலாம்.

விளம்பர விலை வேற... கட்டும் விலை வேற!

விளம்பரத்தில் இருக்கும் தொகை ஒரு கேபினுக்கானது அல்ல, ஓர் ஆளுக்கானது. அதுவும், ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஓர் ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு. தனியாகப் போகிறவர் பல நேரங்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குபவருக்குப் பொதுவாகக் கட்டணம் குறைவு.

கட்டணத்தில் அடங்குபவை: கேபின், பெரிய உணவகத்திலும் பஃபேயிலும் சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் விளையாடும் இடம்.

அடங்காதவை: துறைமுகக் கட்டணம் மற்றும் வரிகள், டிப்ஸ், மது, பெரும்பாலான கப்பல்களில் குளிர்பானம், ஸ்பெஷல் உணவகங்கள், வைஃபை, ஸ்பா, துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் டூர், போட்டோ. இவற்றோடு விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், சிங்கப்பூரில் ஓட்டல் செலவு எல்லாம் தனி.

இதில் நம்மவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி, டிப்ஸ். நம் ஊரில் டிப்ஸ் என்பது மனசைப் பொறுத்தது. கப்பலில் அது தினமும் தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். பெரிய நிறுவனங்களில் சாதாரண கேபினுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை. குழந்தைக்கும் உண்டு.

உதாரணத்துக்கு, நாள் ஒன்றுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், நான்கு இரவு. 18 x 4 x 4 = 288 டாலர். டாலர் 90 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 25,920 ரூபாய்! இதைக் கடைசி நாள் பில்லில் பார்த்து மயங்குவதைவிட, முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது. சில நிறுவனங்கள் புக் செய்யும்போதே டிப்ஸையும் சேர்த்துக் கட்ட அனுமதிக்கின்றன.

ஆகவே ஏஜென்ட்டிடம் 'ஒரு ஆளுக்கு எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். 'எங்க நாலு பேருக்கும், வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து, மொத்தம் எவ்வளவு? எழுத்துல அனுப்புங்க' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியே பாதிப் பிரச்னையைத் தீர்த்துவிடும்.

எந்த கேபின்?

நான்கு வகை. ஜன்னலே இல்லாத உள் கேபின், ஜன்னல் வைத்த கடல் பார்த்த கேபின், பால்கனி கேபின், சூட்.

உள் கேபின்தான் விலை குறைவு. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவுதான். நாள் முழுக்க மேல்தளத்தில் சுற்றப்போகும் இளசுகளுக்கு இது போதும். அப்பா, அம்மாவைக் கூட்டிப்போனால் கதை வேறு. அவர்கள் மதியம் ரெஸ்ட் எடுப்பார்கள், காலை ஐந்து மணிக்கே எழுந்து காபி தேடுவார்கள். அவர்களுக்குப் பால்கனி ஒரு வரம். 'கடல் பார்த்த கேபின்' புக் செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 'பார்வை மறைக்கப்பட்டது' என்ற குறிப்பு இருந்தால், ஜன்னலுக்கு முன்னால் உயிர்காக்கும் படகு தொங்கும் என்று அர்த்தம்.

'கேரன்டி கேபின்' என்று ஒன்று மலிவாக வரும். வகை மட்டும்தான் உறுதி. எந்த அறை, எந்தத் தளம் என்பதை நிறுவனம் முடிவு செய்யும். இரண்டு கேபின் எடுக்கும் குடும்பங்கள் இதைத் தவிர்க்கலாம். பாட்டி ஐந்தாவது தளத்தில், பேரப்பிள்ளைகள் பன்னிரண்டாவது தளத்தில் என்று பிரிந்துவிட வாய்ப்பு உண்டு.

பஸ் ஏறினாலே தலைசுற்றும் ஆட்களா? கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்பு போன்ற கருவிகள் இருப்பதால் மலாக்கா நீரிணையில் பெரிதாகத் தெரியாது. ஆனாலும், மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர்களுக்கு அகலமான கதவுள்ள தனி கேபின்கள் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

நேரடியாவா, ஏஜென்ட் மூலமாவா?

வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் நாமே புக் செய்யலாம். விலை வெளிப்படையாக இருக்கும், கேபினை நாமே தேர்வு செய்யலாம். ஆனால் ஏதாவது பிரச்னை என்றால் வெளிநாட்டு எண்ணுக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் மல்லுக்கட்ட வேண்டும். நீங்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் செய்யும் ஒப்பந்தத்தில், வழக்கு என்றால் எந்த நாட்டு நீதிமன்றம் என்றுகூட எழுதியிருப்பார்கள்.

பல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனைப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். உங்கள் ஏஜென்ட் அவர்கள் வழியாக புக் செய்கிறாரா என்று கேளுங்கள். ஏஜென்ட் மூலம் போவதில் இன்னொரு லாபம், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவைக் குறைபாடு என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு ரசீதும், மெயிலும் கையில் இருக்க வேண்டும். 'ஜிபே பண்ணிடுங்க சார், பார்த்துக்கலாம்' என்பவரிடம் பணம் கட்டினால் கையில் ஸ்கிரீன்ஷாட்தான் மிஞ்சும்.

பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண் வந்ததா என்று பாருங்கள். ஏஜென்ட்டின் சொந்த இன்வாய்ஸ் எண் வேறு, இது வேறு. அந்த எண்ணையும் உங்கள் பெயரையும் நிறுவனத்தின் ஆப்பில் போட்டால் உங்கள் பயணம் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால், அன்றே கேள்வி கேளுங்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி-யோடு டி.சி.எஸ். என்று ஒரு தொகையும் இருக்கும். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் வசூலித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டும் முன்வரி இது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் இதன் விகிதம் மாறுவதால் புக் செய்யும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணம் போனது போனது அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். அதனால், கணக்கு தாக்கல் செய்கிறவரின் பான் எண்ணைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இனிஷியல் என்னும் பெரிய தலைவலி

மற்ற மாநிலத்தவர்களைவிட நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் 'எஸ். மீனாட்சி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'மீனாட்சி சுப்பிரமணியன்' என்று இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அம்மாவின் டிக்கெட்டை ஏஜென்ட் ஆதாரைப் பார்த்து இனிஷியலோடு போட்டுவிட்டார். விமான டிக்கெட்டை நாங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்டிருந்தோம். ஆன்லைன் செக்-இன் செய்ய உட்கார்ந்தபோதுதான் இரண்டும் வேறு வேறு பெயர் என்று தெரிந்தது. கிளம்ப பத்து நாள்தான் இருந்தது. திருத்துவதற்குள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. 'நான் வரலைன்னா பரவாயில்லப்பா, நீங்க போயிட்டு வாங்க' என்று அம்மா சொன்ன அந்த ஒரு வாரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருக்காகத்தான் அந்தப் பயணமே.

அதனால் விதி ஒன்றே ஒன்றுதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. கப்பல், விமானம், விசா, இன்ஷூரன்ஸ் நான்கிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்து, புக்கிங் படிவம் அதைக் கட்டாயம் கேட்டால், நீங்களாக எதையாவது நிரப்பாதீர்கள். 'எப்படிப் போடணும்?' என்று நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, பதிலைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் துபாயிலிருந்து கிளம்பும் கப்பல்களில் போக நினைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பாஸ்போர்ட் உங்களுடையது என்றால், முதலில் அதைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு கப்பலைப் பற்றி யோசியுங்கள்.

விசா: 'கப்பல்லதானே இருக்கப்போறோம்?'

'நாங்க இறங்கவே மாட்டோம், கப்பல்லயே இருப்போம். அப்புறம் எதுக்கு விசா?' என்று கேட்பவர்கள் உண்டு. அதெல்லாம் நடக்காது. கப்பல் தொடும் நாடுகளின் விசா விதிகளை நிறைவு செய்யாதவரைக் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள்.

சிங்கப்பூர் விஷயத்தில் முக்கியமான சொல், 'பலமுறை நுழைவு'. சென்னையிலிருந்து போய் இறங்குவது ஒரு நுழைவு. கப்பலில் மலேசியா போய்த் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே பலமுறை நுழைவு விசாதானா என்று கையில் வந்ததும் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் தனி. அதுபோக, சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி அல்லது தரகர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு கொடுத்துவருகிறது. தாய்லாந்தும் சலுகை அறிவித்திருக்கிறது. இவை நிரந்தரமல்ல, மாறக்கூடியவை. புக் செய்யும் அன்றும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பும் என்று இரண்டு முறை சரிபாருங்கள். அந்த நாடுகளின் டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டுமா என்று கப்பல் நிறுவனம் அனுப்பும் பட்டியலில் பாருங்கள்.

ஐரோப்பியப் பயணத்திலும் இதே கதைதான். கிரீஸிலிருந்து துருக்கி போய்த் திரும்பும் கப்பல் என்றால், ஷெங்கன் விசாவும் பலமுறை நுழைவாக இருக்க வேண்டும். அலாஸ்கா போக ஆசையா? சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கூடக் கனடாவின் விக்டோரியா போன்ற ஊரில் நின்றுதான் வரும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-ல் போட்ட ஒரு சட்டம்தான் காரணம். விளைவு, அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் நமக்குத் தேவை.

பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அட்வான்ஸ், கேன்சல்... தேதிகளை காலண்டரில் குறியுங்க

புக் செய்யும்போது அட்வான்ஸ், பிறகு மீதித் தொகை. மீதியைப் பொதுவாகக் கிளம்புவதற்கு 75 முதல் 90 நாள் முன்பே கட்டச் சொல்வார்கள். அதன் பிறகு கேன்சல் செய்தால், நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். கடைசி இரண்டு வாரத்தில் கேன்சல் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது. மலிவு விலைத் திட்டங்களில் அட்வான்ஸே திரும்பாது என்று பொடி எழுத்தில் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூர் விசாவுக்குப் பொதுவாகப் பயணத்துக்கு ஒரு மாதத்துக்குள்தான் விண்ணப்பிப்பார்கள். ஆக, முழுப் பணமும் கட்டிய பிறகுதான் விசா கையில் வரும். விசா மறுக்கப்பட்டால் கப்பல் நிறுவனம் பணத்தைத் திருப்பித்தர வேண்டிய கட்டாயம் இல்லை. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது 'விசா மறுப்பு' அதில் அடங்குமா என்று கேட்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. மோசமான வானிலை என்றால் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகும் உரிமை கப்பலுக்கு உண்டு. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரங்களில் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகில் பயணிகளைக் கரைக்குக் கூட்டிப்போகும். அலை அதிகம் என்றால் அது ரத்தாகலாம். பெரும்பாலும் அந்தத் துறைமுகத்துக்கான கட்டணம் மட்டும்தான் திரும்பும். அதனால் 'புக்கெட் பார்த்தே ஆகணும்' என்பவர்கள் நேராக விமானத்தில் புக்கெட் போய்விடுவது நல்லது.

உடல்நலமும் இன்ஷூரன்ஸும்

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் சிகிச்சை இலவசமில்லை, பில் டாலரில் வரும். அவசரம் என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்தச் செலவும் உங்களுடையதுதான். ஆகவே, க்ரூஸ் பயணத்தையும், அவசர மருத்துவ இடமாற்றத்தையும் உள்ளடக்கிய டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம் வேண்டும். சுகர், பி.பி., இதயப் பிரச்னை இருந்தால் மறைக்காமல் சொல்லி எடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நேரத்தில் வெறும் காகிதம்தான்.

மாத்திரைகளை ஒரிஜினல் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்தால், அது உங்கள் கேபினுக்கு வந்துசேர இரவாகலாம்.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது: 24 வாரத்தை எட்டியவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கணக்கு, பயணம் முடியும் தேதியை வைத்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குப் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். நீண்ட பயணங்களில் ஒரு வயது கேட்பார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால், இன்னொருவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வையுங்கள்.

ஒரு நாள் முன்னாடியே போயிடுங்க

கப்பல் கிளம்பும் நாள் காலையில் சிங்கப்பூரில் இறங்கும் விமானத்தில் போவது ஆபத்தான சேமிப்பு. விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் மொத்தப் பயணமும் போச்சு. நீங்கள் தனியாகப் போட்ட விமான டிக்கெட்டுக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது. ஓர் இரவு ஓட்டல் வாடகையை இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று நினைத்துக் கட்டிவிடுங்கள்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும் இடங்கள் இரண்டு. ஒன்று, 2012-ல் திறந்த மெரினா பே க்ரூஸ் சென்டர். இன்னொன்று, ஹார்பர்ஃபிரன்ட் பகுதியில் உள்ள சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்து டாக்ஸி பிடியுங்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கதவு மூடிவிடும்.

ஏறியதும் எல்லோரும் கட்டாயம் பாதுகாப்புப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக்கு அருகே 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுவது விதியாகிவிட்டது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பஃபேயில் நிற்காதீர்கள்.

நேர விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. தாய்லாந்து அவர்களைவிட ஒரு மணி நேரம் பின்னே. புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே' என்று ஷாப்பிங் செய்துகொண்டிருப்பீர்கள், கப்பல் கிளம்பியிருக்கும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் டூரில் போனால் தாமதத்துக்கு அவர்களே பொறுப்பேற்பார்கள். தனியாகச் சுற்றினால் பொறுப்பு உங்களுடையது.

சாப்பாடும் பெட்டியும்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் இந்திய சைவச் சாப்பாடு கிடைக்கும். இட்லி, தோசையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பருப்பு, சப்பாத்தி, சாதம், காய்கறிக் குழம்பு என்று வட இந்தியச் சாயலில் இருக்கும். சைவம், ஜெயின், முட்டை வேண்டாம், அலர்ஜி எதுவானாலும் புக் செய்யும்போதே பதிவு செய்யுங்கள். ஏறிய முதல் நாள் உணவக மேலாளரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்த புளிசாதம், ஊறுகாயைப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை. சீல் செய்த பாக்கெட் நொறுக்குத்தீனிக்குப் பொதுவாகத் தடை இல்லை. ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி, ஊதுவத்தி, சூடம் எதுவும் கூடாது. கப்பலில் தீ என்பது விளையாட்டு விஷயமல்ல. சிங்கப்பூரில் சூயிங்கம் கொண்டுபோகத் தடை. அதைவிட முக்கியம், கசகசா! நம் சமையலறைச் சாமான், அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். மசாலாப் பொடி எடுத்துப்போகும் அம்மாக்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

போனும் கார்டும்

கப்பல் கரையைவிட்டு விலகியதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கோடு போன் தானாக இணைந்துகொண்டால், ரோமிங் பில் விமான டிக்கெட் விலைக்கு வரும். உங்கள் சாதாரண சர்வதேச ரோமிங் பேக் கடலில் செல்லாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வைஃபை வேண்டுமென்றால் கப்பல் பேக்கேஜை முன்கூட்டியே வாங்குங்கள். ஏறிய பிறகு வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

கப்பலில் ரொக்கம் ஓடாது. கேபின் அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறும். இதற்காக ஏறும்போதே ஒரு கார்டை இணைக்கச் சொல்வார்கள். கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது விடுபடப் பல நாள் ஆகும். வங்கி ஆப்பில் 'சர்வதேசப் பயன்பாடு' திறந்திருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுச் செலவுக்குப் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவிகிதம் வரை கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. மெஷினில் 'ரூபாயிலா, டாலரிலா?' என்று கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாயில் மாற்றித்தரும் விகிதம் பொதுவாக நமக்கு நஷ்டம். தினமும் இரவு ஆப்பில் கணக்கைப் பாருங்கள். தப்பாக ஏறியதைக் கப்பலில் இருக்கும்போதே கேட்டால் பத்து நிமிட வேலை. ஊருக்கு வந்து கேட்டால் பத்து மெயில்.

கட்டும் முன் ஒரு நிமிடம்

* நான்கு பேருக்கும் டிப்ஸ், வரி உட்பட மொத்தத் தொகை எழுத்தில் வந்துவிட்டதா?
* கப்பலின் பெயர், கிளம்பும் துறைமுகம், கேபின் வகை சரியா?
* எல்லோரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? ஆறு மாத செல்லுபடி இருக்கிறதா?
* எல்லா நாட்டு விசாவும் பலமுறை நுழைவா?
* மீதித் தொகை தேதி, கேன்சல் தேதிகள் காலண்டரில் ஏறியாச்சா?
* இன்ஷூரன்ஸில் க்ரூஸ் என்ற சொல் இருக்கிறதா?
* கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண் உங்கள் கையில் இருக்கிறதா?

ஏழுக்கும் 'ஆமா' என்றால், தாராளமாகக் கார்டை எடுங்கள்.

எங்கள் வீட்டில் பெயர்ப் பிரச்னை ஒருவழியாகச் சரியாகி, எல்லோரும் சேர்ந்தே கிளம்பினோம். முதல் நாள் காலை ஐந்தரை மணிக்குப் பால்கனியில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் காபி, எதிரே கடல். 'எங்க தாத்தா இந்த வழியாத்தான் மூட்டை முடிச்சோட கப்பல்ல போயிருப்பாரு இல்ல?' என்றார். மெயில், போன், அலைச்சல் எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று தோன்றியது. உங்கள் வீட்டு அம்மாவுக்கும் அப்படியொரு காலை கிடைக்கட்டும். அதற்கு, பாஸ்போர்ட்டை இன்றே எடுத்து அவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்!